ஐந்து கட்டை கேபிள்

மூன்றாம் மாடி தாதா வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. குளிர்காலத்தில் வந்தால் ஈச்ச வெல்லத்துச் சந்தேஷ். மழைக்காலத்தில் ஒருமுறை, நாங்கள் சைவம் என்பதை உற்சாகத்தில் மறந்துபோய், முழு ஹில்சா மீனோடு வாசலில் நின்றார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரப்பெட்டியோடு வந்தார். திறந்தால் நகைக்கடைப் பெட்டி மாதிரி உள்ளே நீல வெல்வெட். வெல்வெட்டின் மேல், இரை எடுத்துவிட்டுச் சுருண்ட சாரைப்பாம்பு மாதிரி, ஒன்றரை மீட்டர் வயர்.

"என்ன தாதா இது?"

"லேன் கேபிள். நாற்பத்திரண்டாயிரம்."

சமையலறையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. விலை கேட்கும்போதெல்லாம் என் மனைவி கையிலிருந்து ஏதாவது விழும். அது அவளுடைய விமர்சனம்.

நாங்கள் இருப்பது தென் கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். ஒரு பக்கம் லேக், இன்னொரு பக்கம் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. வீட்டு ஜன்னலை அவ்வப்போது அதிரவைக்க சீல்டாவிலிருந்து பஜ் பஜ் போகிற லோக்கல் ரயில். லேக் என்பது ரவீந்திர சரோவர். 1958-இல் பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. லேக் மார்க்கெட்டில் வாழைத்தண்டும் காப்பிப்பொடியும் கிடைக்கிறவரை ஒரு தமிழன் இந்த ஊரைவிட்டுப் போவதற்குக் காரணமே இல்லை என்று முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். 'அப்பா பாட்டுக் கேட்கட்டும்' என்று பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி அனுப்பினான். அதிலிருந்துதான் தாதாவுக்கு என் மேல் புதிய அக்கறை.

தாதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னை தாதா என்பார், நான் அவரை தாதா என்பேன். வங்காளத்தில் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் அண்ணனாக இருக்கலாம், தகராறு கிடையாது. இரும்புப் பாலங்களுக்குக் கணக்குப் போட்ட எஞ்சினியர். கடவுள் இல்லை என்பவர். இந்த ஊரில் பத்து விரலில் ஆறு விரலுக்கு ஜோசியக் கல் மோதிரம் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் ஏராளம். அவர்களைப் பார்த்தால் தாதாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "ஒரு நீலக்கல் சனியைத் தடுக்குமா? எந்த வழியாக? எனக்கு அந்த வழியைக் காட்டு!" என்று தெருமுனை டீக்கடையில் மேசையைத் தட்டுவார். இப்படிப்பட்டவர்தான் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வயரோடு என் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"இதில் அம்புக்குறி இருக்கிறது பார். ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு. திருப்பிப் போட்டால் பாட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்."

கேபிளை மாட்டினோம். அதாவது, அவர் உத்தரவிட, நான் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தலைகீழாகப் போய் மாட்டினேன். வீணை எஸ். பாலசந்தரின் பழைய பதிவு ஒன்றைப் போட்டோம். கண்ணை மூடினேன்.

கேட்டது. சத்தியமாகக் கேட்டது. நகம் தந்தியில் படும் 'டிக்' தனியாக, அதன் பின்னால் நாதம் தனியாக. விரல் மெட்டின் மேல் வழுக்கிப் போகிற சரசரப்பு. கமகத்தின் வால் எங்கே முடிகிறது என்பதுகூட.

"பின்னணி கறுத்துவிட்டது, கவனித்தாயா?" என்றார் தாதா. ஒலிரசிகர்கள் பேச்சில் பின்னணி கறுப்பது ரொம்ப விசேஷம். இசைக்கு நடுவில் இருக்கும் நிசப்தம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறதாம்.

"கறுத்துவிட்டது தாதா" என்றேன். நெஞ்சு அடைத்தது.

ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணைக்க வந்தவன், டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் எதேச்சையாகப் பார்த்தேன். ரவுட்டரில், கேபிள் மாட்டிய துளைக்கு மேலே எரிய வேண்டிய குட்டி விளக்கு எரியவில்லை. கேபிளின் பித்தளைத் தலை தடிமன். துளைக்குள் முழுசாக இறங்காமல், மாமியார் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்த புது மாப்பிள்ளை மாதிரி விளிம்பிலேயே தொத்திக்கொண்டிருந்தது. ஸ்ட்ரீமர் சாயங்காலம் முழுக்க வைஃபையில்தான் ஓடியிருக்கிறது. நான் உருகிக் கேட்ட நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வீணை, காற்றில் வந்த வீணை.

இதை ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரமும் எனக்கு என் பாட்டி ஞாபகமாகவே இருந்தது. 1991-இல் நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். தபால் ஆபீசிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து வாசலில் நின்று, "தந்தி" என்றார். அவ்வளவுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். தந்தியை யாரும் பிரிக்கவில்லை, கையெழுத்துக்கூடப் போடவில்லை. பாட்டி அதற்குள் ஆளையே முடிவு செய்துவிட்டாள்: கடலூர்ச் சித்தப்பா. அவருடைய குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். எதிர்வீட்டு அம்மாளும் ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். நான் பிரித்துப் படித்தேன். வேலை கிடைத்திருக்கிறது, பதினைந்தாம் தேதிக்குள் கல்கத்தாவில் வந்து சேரவும் என்றிருந்தது.

பாட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கல்கத்தாவா? அப்போ அழுதது வீண் போகலை" என்றாள்.

அந்த ஒப்பாரி பொய்யில்லை. கண்ணீர் நிஜம், நெஞ்சடைப்பு நிஜம். தந்தியில்தான் அது இல்லை. வெல்வெட் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கமகத்தின் வால் கேட்டதும் அதே கணக்குத்தான். சைக்கிள் வாசலில் வந்து நின்றவுடனேயே நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

தமிழில் தந்தி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது, இந்த விவகாரத்துக்கென்றே யாரோ யோசித்து வைத்தது போல இருக்கிறது. வீணையில் இருப்பதும் தந்தி, தபால்காரர் கொண்டுவந்ததும் தந்தி. வீணைத் தந்தியில் உலோகம் முக்கியம், தடிமன் முக்கியம், துரு ஏறினால் நாதம் போச்சு. அங்கே கம்பியின் அசைவேதான் இசை. ஆனால் தபால் தந்தியில், 'பாட்டி கவலைக்கிடம், உடனே வரவும்' என்ற செய்தி செம்புக் கம்பியில் வந்தாலும் இரும்புக் கம்பியில் வந்தாலும் பாட்டிக்கு ஒரே நிலைமைதான். தங்கக் கம்பியில் அனுப்பினால் தேறிவிடமாட்டாள். கட்டு, கடா என்று குட்டையும் நெட்டையுமாகத் தட்டிய சத்தம், மறுமுனையில் இன்ன எழுத்து என்று புரிந்தால் போதும். புரிந்தபின் அந்தச் சத்தத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

பார்க்கப்போனால் இந்த விஷயத்தில் தாதாவின் ஊருக்குத்தான் மூத்த அனுபவம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த வில்லியம் ஓ'ஷாக்னசி என்ற டாக்டர், 1839-லேயே இங்கே கம்பி கட்டித் தந்தி அனுப்பிப் பார்த்தார். 1851-இல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்குத் தந்திப் பாதை வந்தது. கம்பிக்கு எந்தப் பக்கம் அம்புக்குறி என்று அந்த மனிதர் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தாதாவிடம் வைஃபை உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"அன்றைக்கு அந்தக் கேபிள் அறையில் இருந்தது அல்லவா?" என்றார்.

இரும்புப் பாலத்துக்குக் கணக்குப் போட்டவர். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அவர் போட்ட பாலங்களின் பட்டியலைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வழக்கமான தண்ணீர் உதாரணத்துக்கு வந்தார். "குழாய் துருப்பிடித்தால் தண்ணீரில் வாடை வருமா வராதா?"

"வரும். ஆனால் லேன் கேபிளில் வருவது தண்ணீர் இல்லை தாதா, மொய் நோட்டு."

வங்காளக் கல்யாணத்தில் மொய் நோட்டு கிடையாது என்பதால் முதலில் அதை விளக்க அரைமணி ஆனது. பிறகு கதையைச் சொன்னேன். பாட்டு முழுசாக ஒரே ஓட்டமாக வருவதில்லை. துண்டு துண்டாக, ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 1,500 பைட் என்று கட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டின் கடைசியிலும் நான்கு பைட்டில் ஒரு கூட்டல் தொகை மாதிரி போட்டிருக்கும். வாங்குகிற பக்கம் தானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கும். மாமா எழுதிய மொய்க்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் ஒரு ரூபாய் இடித்தாலும் அந்தக் கட்டையே தூக்கிப் போட்டுவிடும். கட்டு வந்து சேரவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளும். 'சுமாராக வந்த பாட்டு' என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. வந்தால் முழுசாக வரும். வராவிட்டால் நின்றுபோகும், திக்கும், சுற்றும். ஆனால் வயர் மட்டம் என்பதற்காக வீணையின் நாதம் மட்டும் கொஞ்சம் மங்கி, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கொஞ்சம் தளர்ந்து வராது. அப்படி மங்க வேண்டுமானால், எந்த எண் வீணையுடையது என்று அந்த வயருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருஷம் சபாவுக்குப் போகிறவர்களுக்கே சில சமயம் ராகம் தெரிவதில்லை.

சிரமம் என்றும் சொல்ல முடியாது. குறுந்தகட்டுத் தரத்தில் பாட்டு என்றால் ஒரு காதுக்கு விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு காதுக்கும் சேர்த்துச் சுமார் 14 லட்சம் பிட். தெருமுனைக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குத் தருகிற கேட்-5இ கேபிள், நூறு மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு 100 கோடி பிட் சுமக்கும். எழுநூறு மடங்கு. ஹவுரா பாலத்தில் ஒரே ஒரு கைரிக்‌ஷாவை விட்டுவிட்டு, பாலம் தாங்குமா என்று கவலைப்படுகிற மாதிரி. பாலம் என்றதும் தாதா லேசாகத் தலையசைத்தார்.

கடைசியாக என் பிரம்மாஸ்திரம். பாட்டு ஓடும்போதே எழுந்து போய்க் கேபிளைப் பிடுங்கினேன். (வைஃபையை முதலிலேயே அணைத்துவிட்டேன், ஒரு வாரத்தில் அவ்வளவாவது கற்றுக்கொண்டேன்.) பாட்டு நிற்கவில்லை. நாதம் மாறவில்லை. கேபிள் என் கையில் தொங்குகிறது, ஆலாபனை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வர வேண்டியதெல்லாம் முன்னாலேயே வந்து ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் தங்கிவிட்டது. அதிலிருந்து எடுத்துத் தன் சொந்தக் கடிகாரத்தின்படி பாடிக்கொண்டிருக்கிறது. கேபிளுக்கும் இப்போது காதில் விழுவதற்கும் உறவே இல்லை.

தாதா கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் ஒரு ஒளி.

"தாருண்! அபாரம்!" என்றார். "கேபிளே இல்லாதபோது எவ்வளவு நன்றாக இருக்கிறது பார்! அப்படியானால் கேபிள் கெடுக்கிறது என்றுதானே அர்த்தம்? கெடுக்காத கேபிள் வேண்டும் என்றுதான் நான் இத்தனை நாளாகச் சொல்கிறேன்."

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

உலகம் முழுக்க தாதாக்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். 2008-இல் ஜப்பானின் டெனான் நிறுவனம் ஒன்றரை மீட்டர் இணைப்புக் கேபிள் ஒன்றை 499 டாலருக்கு விற்றது. அதிலும் திசை காட்டும் அம்புக்குறி உண்டு. வாங்காதவர்களெல்லாம் அமேசானில் போய் அதற்குக் கிண்டலாக மதிப்புரை எழுதினார்கள். 2015-இல் ஆர்ஸ் டெக்னிகா இதழ், 340 டாலர் லேன் கேபிளையும் சாதாரணக் கேபிளையும், எது எதுவென்று தெரியாதபடி லாஸ் வேகாஸில் பலருக்குக் கேட்கக் கொடுத்தது. அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைச் சொன்னபோது தாதா, "லாஸ் வேகாஸில் யார் பாட்டுக் கேட்கப் போகிறார்கள்?" என்றார். அதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி ஒன்றரை மீட்டர். மும்பையிலோ வேறெங்கோ ஒரு கட்டடத்தில் புறப்படும் பாட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மண்ணுக்கடியில் வந்து, எங்கள் தெருவில் மேலேறி, கேபிள்காரப் பையன் கிருஷ்ணசூடா மரத்தின் கிளையில் புடலங்காய்ப் பந்தல் மாதிரி சுற்றிவிட்டுப்போன கறுப்பு ஒயரில், காக்கை உட்கார்ந்து மூக்கைத் தீட்டுகிற இடத்தைத் தாண்டி வருகிறது. அது வரைக்கும் கெடாத பாட்டு, என் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்ததும் கெட்டுப்போகுமா?

பாட்டை ஊரிலிருந்து ஊருக்கு அனுப்புவதிலும் இந்த நகரம் முன்னோடிதான். 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் இங்கே வந்து பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது. ஒரு புனலுக்குள் தலையை விட்டு மூன்று நிமிஷத்துக்குள் கச்சேரியை முடித்து, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், அங்கே இசைத்தட்டாகித் திரும்பி வந்தது. அந்தத் தட்டு ஒன்று தாதாவிடம் இருக்கிறது, ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பழைய கடையில் வாங்கியது என்பார். கரகரவென்று எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவே அந்த அம்மாள் பாடுவதைக் கேட்டு அவர் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பின்னணி அப்போது கறுப்பாக இல்லை. அப்பள நிறமாகத்தான் இருந்தது.

எங்கள் ஹாலில் பின்னணி கறுப்பதாவது! குறுந்தகட்டுத் தரத்தில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் 96 டெசிபல் இடைவெளி என்கிறார்கள். அதில் கிட்டத்தட்டப் பாதியை மின்விசிறியே விழுங்கிவிடும். மிச்சத்தைக் காலையில் மீன்காரரும், பத்துமணிக்குப் பழைய இரும்பு வாங்குகிறவரும், சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஊதும் சங்கும், எல்லாருக்கும் மேலாக பஜ் பஜ் லோக்கலும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சஹானா ஆலாபனையின் உச்சத்தில் ஆறு வீட்டுச் சங்கு ஒரே நேரத்தில் முழங்கினால் எந்த ராகத்துக்கும் மோட்சம் கிடைத்துவிடும்.

இரண்டு வாரம் அமைதி. பிறகு தாதா ஒரு பெரிய பெட்டியோடு இறங்கி வந்தார்.

"குற்றம் கேபிளில் இல்லை. நீ சொன்னது சரி. குற்றம் ஸ்விட்சில்."

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஹாலில் ஏற்கெனவே எட்டு ஸ்விட்ச் இருக்கே. இது ஆறு ஆம்பியரா, பதினாறா?"

"பௌதி (அண்ணி), இது நெட்வொர்க் ஸ்விட்ச். ரவுட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் நடுவில் வைப்பது. அறுபதாயிரம்."

உள்ளே எவர்சில்வர் குடம் உருண்டது.

நாலு கிலோ இருக்கும். அலுமினியத்தில் கடைந்தெடுத்த உடம்பு. உள்ளே தனி டிரான்ஸ்ஃபார்மர், தனிக் கடிகாரம். பின்னால் கட்டைவிரல் தடிமனில் மூணு பின் பவர் கார்டு. என் பழைய பிளாஸ்டிக் ரவுட்டர் தொள்ளாயிரம் ரூபாய், சோப்பு டப்பா கனம், ரெண்டு பின் அடாப்டர். இதை அதோடு சேர்த்து, ஜன்னலோரப் பிளக்கில் செருகி, வெல்வெட் கேபிளால் ஸ்ட்ரீமரோடு இணைத்தோம். இந்தமுறை விளக்கு எரிகிறதா என்று மூன்றுதரம் பார்த்தேன். அம்புக்குறியும் பார்த்தேன், எதற்கு வம்பு.

பாட்டு ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்பே ஏதோ கேட்டது.

"ம்ம்ம்ம்ம்ம்."

எம்.டி. ராமநாதன்கூட இறங்காத கீழ்ஸ்தாயியில், மூச்சு விடாமல், ஒரே சீராக. நான் தாதாவைப் பார்த்தேன், தாதா ஸ்பீக்கரைப் பார்த்தார். வால்யூமைக் குறைத்தேன், போகவில்லை. பாட்டை நிறுத்தினேன், போகவில்லை. கேபிளைப் பிடுங்கினேன், நின்றது. செருகினேன், வந்தது. என் நூற்றைம்பது ரூபாய் கேபிளை அதே ஸ்விட்சில் செருகினேன். வரவில்லை.

தாதா எழுந்து நின்றார். கண்ணில் வெற்றி வெறி.

"இப்போது சொல்! கேபிளை மாற்றினால் சத்தம் மாறாது என்றாயே? மாறுகிறதா இல்லையா?"

மாறுகிறது. இதில் பொய் சொல்ல வழியில்லை. இத்தனை நாளாகக் கணக்கும் மொய் நோட்டுமாக நான் கட்டிய வழக்கு, கண்ணெதிரே 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு செத்தது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. மகனுக்குப் போன் போட்டு, அவன் சிரித்து முடித்தபின். சாதாரண லேன் கேபிளில் வெளிக்கவசம், அதாவது ஷீல்டு, கிடையாது. லேன் துளைக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு பொடி டிரான்ஸ்ஃபார்மர் வாசற்காவலுக்கு இருக்கிறது. அது செய்தியை மட்டும் உள்ளே விடும், இந்தப் பக்கத்து மின்சாரத்தை அந்தப் பக்கம் ஒட்டவிடாது. 1,500 வோல்ட்டையே நிறுத்தக்கூடிய ஆள். ஆனால் வெல்வெட் கேபிளில் தலையிலிருந்து வால்வரை உலோக ஷீல்டு, இரண்டு முனையிலும் பித்தளைத் தொப்பி. ஸ்விட்சுக்கு ஜன்னலோரப் பிளக்கில் ஒரு எர்த். ஆம்ப்ளிஃபையருக்கு எதிர்ச்சுவரில் இன்னொரு எர்த். இரண்டையும் இந்த ஷீல்டு கைகோத்து வைத்ததும் ஒரு வட்டம் முழுமையாகிவிட்டது. காவல்காரர் வாசலிலேயே நிற்க, வீட்டு மின்சாரம் கொல்லைப்புறமாக நுழைந்து ஸ்பீக்கர் வரைக்கும் வந்துவிட்டது. சோப்பு டப்பா ரவுட்டருக்கு எர்த்தே இல்லை, நூற்றைம்பது ரூபாய் கேபிளுக்கு ஷீல்டே இல்லை. ஏழைகளுக்குள் வட்டமே அமையவில்லை.

ஆக, லேன் கேபிளால் பாட்டின் தரம் மாறுமா என்றால், மாறலாம். கெடுவதற்கு மட்டும் வழி இருக்கிறது. அதற்கும் கொஞ்சம் காசு செலவழிக்க வேண்டும்.

இதெல்லாம் பிற்பாடு. அந்த நேரத்தில் தாதாவும் நானும் கத்திக்கொண்டிருந்தோம். அவர் வங்காளியில், நான் பாதி வங்காளியிலும் மீதி கும்பகோணத்திலும். என் மனைவி ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க."

இருந்தோம்.

அவள் மெதுவாக ஸட்ஜம் பிடித்தாள். அப்படியே பஞ்சமத்துக்குப் போய், மேல் ஸட்ஜத்தைத் தொட்டு இறங்கி வந்தாள்.

"அஞ்சு கட்டை" என்றாள். "ஒரு துளி மேல நிக்குது."

அவள் பாட்டு டீச்சர். சனி, ஞாயிறில் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள் நான்கு பேருக்கு வீட்டில் சொல்லித் தருகிறாள். அவளுக்குச் சுருதி ஐந்து கட்டைதான்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. முனகலும் 50, அதன் மடங்குகளான 100, 200 என்று வரும். ஐந்து கட்டை என்பது 196. அதன் கீழ்ஸ்தாயிகள் 98, 49. அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு துளி மேலே. நானும் தாதாவும் ஒரு லட்சத்து இரண்டாயிரம் ரூபாய்ச் சாமானை வைத்துக்கொண்டு கேட்காத நுணுக்கத்தை, குக்கர் வைத்துவிட்டு வந்தவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் அகப்பட்டது. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 31 அன்று, அதுவரை தனியாக ஓடிக்கொண்டிருந்த தென்னிந்திய மின்தொகுப்பை, ராய்ச்சூர் – சோலாப்பூர் உயரழுத்தக் கம்பி வழியாக நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைத்தார்கள். அன்றிலிருந்து லேக் கார்டன்ஸ் மின்சாரமும் மயிலாப்பூர் மின்சாரமும் கும்பகோணத்து மின்சாரமும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில் ஆடுகின்றன. நாடு முழுக்க ஒரே சுருதி. அதை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியும் உண்டு. இவ்வளவு கறாராகச் சுருதி சேர்த்துக்கொள்ளும் வித்வான்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தாதா ஸ்விட்சையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். "உன் வீட்டு எர்த் சரியில்லை" என்பது அவருடைய கடைசித் தீர்ப்பு. அவர் வீட்டில் முனகல் வரவில்லையாம். நான் போய்ச் சோதிக்கவில்லை. முப்பது வருஷ நட்பு.

ஜனவரியில் வழக்கம்போல இரண்டு பேரும் நஸ்ருல் மஞ்சாவுக்கு, டோவர் லேன் இசை மாநாட்டுக்குப் போனோம். 1952-இலிருந்து நடக்கிறது, ராத்திரி முழுக்கக் கச்சேரி. விடியற்காலை நான்கு மணிக்குச் சரோத். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து தாதாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் ஜமக்காளத்துக்கு அடியிலிருந்து மைக்குக்குப் போகிற கறுப்பு வயர் சுருண்டு கிடந்தது. ஒரு இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அவர் காதருகே குனிந்து, "தாதா, அது என்ன கேபிள்?" என்றேன்.

"சுப்!" என்றார்.

போன மாதம் என் மனைவியின் சுருதிப் பெட்டி பழுதாகிவிட்டது. எங்கள் ஊர்ச் சாந்தினி சவுக்கில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது. திரும்ப வரப் பத்து நாள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன.

"ஏங்க, மாடிக்குப் போய் தாதாகிட்ட அந்த ஸ்விட்சையும் கேபிளையும் ஒரு மணிநேரத்துக்கு வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்து மாட்டினேன். தாதாவும் கூடவே வந்து அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்து கட்டைக்கு ஒரு துளி மேலே, அன்றைக்கு நான்கு குழந்தைகளும் சுருதி விலகாமல் பாடின.